குழந்தைப் பாட்டு என்ன டிமோஷனா?

'தி பிரசிடென்ட்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா'. பேருதான் பெருசு, சியாட்டிலைச் சேர்ந்த மூணு பேர் ராக் பேண்ட். 1995-ல் வந்த முதல் ஆல்பம் பல லட்சம் வித்தது. 'லம்ப்', 'பீச்சஸ்' ரெண்டும் கிராமி பரிந்துரை வரை போச்சு. பாடகர் கிறிஸ் பாலூ வாசிச்ச கிட்டாரில் ரெண்டே கம்பி!

அதே ஆள் 2009-ல் 'காஸ்பர் பேபிபேன்ட்ஸ்'ங்கிற பேரில் குழந்தைகளுக்கு ஆல்பம் போட்டார். நம்ம ஹாஸ்டல்ல கேட்டா, "டிமோஷன் மச்சி"ன்னுவாங்க. எனக்கு அப்படித் தோணல. மூணு வயசுக் குழந்தைக்கு கிராமியும் தெரியாது, பழைய ஹிட்டும் தெரியாது. பாட்டு பிடிக்கலைன்னா எழுந்து போயிடும். அதை உட்கார வைக்க, பாட்டு மட்டும்தான் உதவும்.

பிளேஸ்மென்ட் சீசன்ல "எத்தனை லட்சம்?"னு கேட்கிற நாம, "யாருக்காக இந்த வேலை?"ன்னும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமே.