மேகா-டிராபிக்ஸுக்கு வாரிசு எங்கே?

மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை 2023 மார்ச் 7 அன்று இஸ்ரோ பசிபிக் பெருங்கடலுக்கு மேலே வளிமண்டலத்துக்குள் இறக்கி எரித்தது. ஆயுள் முடிந்த கோளை விண்வெளிக் குப்பையாக விடாமல் பத்திரமாக அப்புறப்படுத்தியது பாராட்டத்தக்கதுதான். ஆனால், வெப்பமண்டல மழையையும் மேகங்களையும் ஆராய்வதற்கென்றே இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து 2011-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய கோள் அது. அதன் இடத்துக்கு அடுத்து எது என்ற கேள்வி போதிய அளவு எழவில்லை. அதே பணிக்கு, அதே போன்ற பாதையில், நுண்ணலைக் கருவியுடன் இன்னொரு கோளை இந்தியா அனுப்பியாக வேண்டும்.

இன்சாட் படங்கள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அந்த அகச்சிவப்புப் படங்கள் காட்டுவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைத்தான். உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமானது, உயரமான மேகம் மழை தரும் என்பது ஊகம். ஒரு சொட்டுகூடத் தராத மெல்லிய கீற்று மேகமும் குளிர்ந்துதான் இருக்கும். நுண்ணலைகளோ மேகத்தை ஊடுருவி வருபவை. கடல்பரப்பு அவற்றைக் குறைவாகவே உமிழ்வதால், 19 கிகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இருண்ட கடலின் மேல் மழைத்துளிகள் பளிச்சென்று தெரியும். நிலத்தில் கதை வேறு. தரையே நிறைய உமிழ்வதால் துளிகளின் சமிக்ஞை அதில் கரைந்துவிடும். எனவே 89 கிகாஹெர்ட்ஸ் அளவில், மேகத்தின் மேற்பகுதியிலுள்ள பனித்துகள்கள் அலைகளைச் சிதறடிப்பதை வைத்து மழையைக் கணிக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரம் குறைந்த, பனித்துகள் அதிகமில்லாத மேகங்களும் கொட்டித் தீர்ப்பதால், அங்கே இந்தக் கணிப்பு உண்மை மழையைவிடக் குறைவாகவே வரும். மழைமானிக்கு இது மாற்றல்ல; அப்படி யாரும் நம்பவும் கூடாது.

பிறகு இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும்? நமக்கு வேண்டிய முன்தகவல் கடலில் இருப்பதால். வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வங்கக் கடலிலிருந்து வருகின்றன; அங்கே மழைமானிகளை நட முடியாது. கரையிலுள்ள டாப்ளர் ரேடார்களின் பார்வையோ சில நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லாது. கீற்று மேகப் போர்வைக்கு அடியில் புயலின் கண் உருவாகிறதா என்பதை நுண்ணலைப் படமே காட்டும். ஆனால், இந்தக் கருவிகள் தாழ்வான பாதையில் சுற்றும் கோள்களில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை துருவங்களைத் தொட்டுச் செல்பவை. துருவத்தை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கும் அவை, நம் பகுதியை நாளொன்றுக்கு இரண்டு முறைதான் கடக்கும். நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை சாய்வில் சுற்றிய மேகா-டிராபிக்ஸ் வெப்பமண்டலத்தை நாளுக்குப் பலமுறை பார்த்தது. 8 முதல் 13.5 பாகைக்குள் அடங்கிவிடும் தமிழ்நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை கிடையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஒரு செயற்கைக்கோள் இருந்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கும் என்பது மிகை. ஆனால், சில மணி நேரத்தில் உருமாறும் மேகக் கூட்டத்தை நாளுக்கு இருமுறை பார்ப்பதும் பலமுறை பார்ப்பதும் ஒன்றாகாது.

நாசாவும் ஜப்பானும் 2014-ல் அனுப்பிய ஜிபிஎம் கோளின் தரவு இலவசம்தானே என்பது வலுவான எதிர்வாதம். அதை மையமாக வைத்து அரைமணிக்கொரு மழை வரைபடம் தயாராகிறது. ஆனால், நுண்ணலைக் கோள்கள் கடக்காத நேரங்களை நிரப்ப அகச்சிவப்புத் தரவின் உதவி தேவைப்படுகிறது. முதல் பதிப்பு வெளிவரவே நான்கு மணி நேரம் ஆகிறது. இரவல் எந்நேரமும் நிற்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க ராணுவ வானிலைக் கோள்களின் நுண்ணலைத் தரவை நிறுத்தப்போவதாக 2025 ஜூனில் திடீர் அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த முடிவு மாறியது.

மேகா-டிராபிக்ஸின் முதன்மை மழைக் கருவியான மெட்ராஸ், சுழலும் பகுதியில் ஏற்பட்ட கோளாறால் 2013-லேயே செயலிழந்ததே என்பார்கள். உண்மை. ஆனால், மூன்று ஆண்டுகளுக்குத் திட்டமிடப்பட்ட அதே கோளில் ஈரப்பதத்தை அளந்த சஃபீர் கருவி, அதன்பின்னும் பல ஆண்டுகள் தரவு தந்தது. வானிலை மாதிரிகள் அதைப் பயன்படுத்தின. 1979-ல் பாஸ்கராவிலும் 1999-ல் ஓஷன்சாட்-1-லும் நுண்ணலைக் கதிரளவிகளைப் பறக்கவிட்ட நாட்டுக்கு இது புதிய துறையல்ல. பழுதான பாகத்தைத் திருத்தி மீண்டும் அனுப்புவதற்கான திட்டத்தையும் நிதியையும் கால வரையறையுடன் மத்திய அரசு அறிவிக்க வேண்டும். கடலோர மாநிலங்களின் எம்.பி.க்கள் அதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.