இடம் வாங்கிக் கொடுத்தோம்... வழி காட்டினோமா?



மருத்துவக் கலந்தாய்வு முடிந்ததும் நம் ஊர்களில் நடப்பது என்ன? இடம் பிடித்த மாணவரை மேடையேற்றுகிறோம். பொன்னாடை போர்த்துகிறோம். கேடயம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். அத்தோடு கடமை முடிந்ததென்று கலைந்து விடுகிறோம். அந்தப் பிள்ளை அதன் பிறகு என்ன ஆனது என்று விசாரித்த ஜமாஅத்துகள் எத்தனை?

இந்த இடங்கள் சும்மா கிடைத்தவையல்ல. மாநாடு, பேரணி, ஆர்ப்பாட்டம் என்று ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த பிறகே 2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. நூறு இடமுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போனால் மீதி 85. அதில் 3.5 விழுக்காடு என்றால் மூன்றே பேர்! ஒதுக்கீட்டை உயர்த்தக் கேட்பது நம் உரிமை. கிடைத்த மூவரைக் கைதூக்கி விடுவது நம் கடமை. உரிமைக்குக் கூடுகிற கூட்டம் கடமைக்கு ஏன் கூடுவதில்லை?

டாக்டர் வீட்டுப் பிள்ளை முதலாமாண்டு விடுமுறையில் மாமாவின் மருத்துவமனைக்குப் போகிறது. நோயாளியிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, எதை முதலில் கேட்பது, கெட்ட செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று உடனிருந்து பார்க்கிறது. பீடி சுற்றிப் படிக்க வைத்த தாயின் பிள்ளையோ வீட்டில் உட்கார்ந்து எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்கிறது. இருவருக்கும் அறிவு ஒன்றுதான். திறந்திருக்கும் வாசல்தான் வேறு!

"அதையெல்லாம் கல்லூரியே கற்றுத் தராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019இல் பாடத்திட்டம் மாறியபோது, முதலாமாண்டிலேயே நோயாளிகளை அறிமுகப்படுத்தும் வகுப்புகள் சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் ஒரு கட்டிலைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும்போது பின்வரிசையில் இருப்பவருக்கு என்ன கேட்கும்? ஒரு மருத்துவரின் பக்கத்தில் காலை முதல் மாலை வரை வாய் திறக்காமல் அமர்ந்து பார்ப்பது வேறு கல்வி.

இது மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நினைத்து விடாதீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அபூபக்ர் அர்ராஸி தம் மாணவர்களை வட்டம் வட்டமாக அமர்த்தியிருந்தார். வருகிற நோயாளியை முதலில் வெளிவட்டத்து மாணவர்கள் விசாரிப்பார்கள். அவர்களுக்கு விளங்கா விட்டால் அடுத்த வட்டம். யாருக்கும் விளங்காதபோதுதான் அர்ராஸி பேசுவார். இதை வரலாற்றில் பதிவு செய்தவர் இப்னு நதீம். அர்ராஸியின் பெயரை மேடைதோறும் முழங்குகிறோம். அவர் மாணவருக்குக் கொடுத்த இடத்தை மட்டும் கொடுக்க மறுக்கிறோம்!

சமுதாயத்தின் மருத்துவப் பெருமக்களே! விழாக்களில் உங்களுக்கு முன்வரிசை நாற்காலி போடுகிறோம். உங்கள் ஓ.பி. அறையில் ஒரு மாணவருக்கு ஒரு ஸ்டூல் போடக்கூடாதா? நாங்கள் பணம் கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு நாள் கேட்கிறோம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்கள் வட்டாரத்து மருத்துவர்களின் பட்டியலை எடுங்கள். சகோதர சமய மருத்துவர்களையும் விட்டுவிடாதீர்கள். முறையாகக் கேட்டால் முகம் கொடுப்பவர்கள் அவர்களிலும் உண்டு. எந்தத் துறை, எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனையாக இருந்தால் பொறுப்பில் உள்ளவரின் அனுமதியையும் பெற்றுக் கொடுங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியின் மூன்று தவணை முடிய ஆறு மாதமாகும். ஆகவே சேர்ந்த உடனேயே போட ஏற்பாடு செய்யுங்கள். கேடயத்துக்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழியுங்கள்.

மாணவக் கண்மணிகளே! நீங்கள் பார்க்கப் போகிறவர்கள். வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் அல்ல. ஊசி போடுவதும் மருந்து எழுதுவதும் உங்கள் வேலையல்ல. பதிவு பெறாமல் மருத்துவம் செய்வது 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி குற்றம். "நான் மாணவன், இருக்கலாமா?" என்று நோயாளியிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் வெளியேறுங்கள். கைப்பேசியைப் பையிலேயே வையுங்கள். அங்கே கண்டதும் கேட்டதும் அமானிதம். அதை வீட்டிலும் பேசக் கூடாது. நண்பர்களிடமும் பேசக் கூடாது.

பெற்றோரே! உங்களுக்கும் ஒரு கேள்வி. நம் பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லை என்று புலம்புகிறீர்கள். உங்கள் மகள் மருத்துவமனைக்குப் போய் நிற்கிறேன் என்றால் மட்டும் "எதற்கு இப்போதே?" என்று தடுக்கிறீர்கள். பெண் மருத்துவரிடம், பகல் நேரத்தில், இரண்டு மாணவியராகச் சேர்த்து அனுப்புவதில் என்ன தடை? இன்று அவளை வாசலில் நிறுத்தினால், நாளை பிரசவ அறையில் யாரைத் தேடுவீர்கள்?

வாசகரே! உங்கள் மஹல்லாவில் மருத்துவம் படிக்கும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வரும் ஜும்ஆவுக்குப் பின் விசாரியுங்கள். தெரிந்தால் அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவரின் கதவைத் தட்டுங்கள். போராடிப் பெற்ற மூன்று இடமும் மூன்று நல்ல மருத்துவர்களாக மலரட்டும், இன்ஷா அல்லாஹ்!