வேலையில் சேரும்போதே விலகும் வழியைக் கேளுங்கள்

படிப்பை முடித்து, உரிமமும் கைக்கு வந்துவிட்ட நர்ஸ் பிராக்டிஷனர்கள் என்னை அழைக்கும்போது முதலில் சொல்வது ஒரு தொகையைத்தான். "அக்கா, வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் டாலர் தர்றாங்களாம். ஒத்துக்கலாமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "வேலையை விட்டா என்ன ஆகும்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?" மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்கும். பெரும்பாலோர் அந்தப் பக்கம் வரை போயிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனராக வேலை பார்க்கிறேன். செவிலியர் பட்டத்துக்கு மேல் படித்து, நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதித் தருபவர்கள் நாங்கள். வேறொரு படிப்பின் வழியாக வந்து ஏறக்குறைய இதே வேலையைச் செய்பவர்கள் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்கள். இரண்டு பயிற்சிகளும் 1965-இல் பிறந்தவை. முதலாவதைக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் தொடங்கினார்கள். இரண்டாவதை டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் தொடங்கினார். இன்று இரு தொழில்களிலும் நடுத்தர ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 1,30,000 டாலர். இந்தியாவிலிருந்து நர்ஸாக வந்து, இரவுப் பணி பார்த்துக்கொண்டே படித்து இந்த இடத்துக்கு வந்தவர்கள் பலர் உண்டு. நானும் அப்படி வந்தவள்தான்.

சம்பளத்தில் ஐயாயிரம் கூடக் கேட்பது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புதியவர்கள் ஏமாறுவது அங்கே அல்ல என்பது என் கருத்து. அவர்கள் இழப்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில்.

2025 கோடையில் ஒரு பெண் எடுத்து வந்த ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். சேர்ந்தவுடன் 15,000 டாலர் போனஸ். இரண்டு ஆண்டு முடியும் முன் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்; இருபத்து மூன்றாம் மாதம் விலகினாலும் அதே முழுத் தொகைதான். அதுவும் வரி பிடித்தது போகக் கைக்கு வந்த பணத்தை அல்ல, பிடித்தத்துக்கு முந்தைய தொகையை. அடுத்த பக்கத்தில், விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் "எந்தக் கிளையிலிருந்தும்" 15 மைல் சுற்றளவில் வேலை பார்க்கக் கூடாது என்ற தடை. அந்த நிறுவனத்துக்கு ஹூஸ்டனைச் சுற்றியுள்ள கேட்டி, சுகர் லேண்ட், பியர்லேண்ட் மூன்றிலும் கிளைகள். வட்டம் போட்டுப் பாருங்கள். தமிழர்கள் வீடு வாங்கியிருக்கும் பகுதிகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். வேலையை விட்டால் வீட்டையும் விற்க வேண்டியதுதான்.

இன்னொரு வரியை அவள் கவனிக்கவே இல்லை. சிகிச்சையில் தவறு என்று நோயாளி வழக்குப் போட்டால் காப்பாற்றும் காப்பீடு பற்றிய வரி அது. இதில் இரண்டு வகை உண்டு. சம்பவம் நடந்த நாளில் காப்பீடு இருந்தால் போதும் என்பது ஒன்று. வழக்கு வரும் நாளிலும் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது வகையில், நீங்கள் விலகி ஓராண்டு கழித்து ஒரு பழைய நோயாளி வழக்குப் போட்டால் உங்களுக்குக் குடை இல்லை. அந்த இடைவெளியை மூடத் தனியாக ஒரு பாலிசி வாங்க வேண்டும். இங்கே அதை 'டெயில்' என்பார்கள். ஓராண்டுக் கட்டணத்தைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கூட ஆகும். அதை யார் கட்டுவது? அவளுடைய ஒப்பந்தத்தில் "பணியாளர்" என்று இருந்தது.

இத்தனைக்கும் ஒப்பந்தத்தின் மற்றொரு மூலையில், நிறுவனம் நினைத்தால் அவளை உடனே அனுப்பலாம், அவள் விலக வேண்டுமானால் 90 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு இது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். வேலை போனால் அவர் அடுத்த வழி தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். புதிய இடத்தில், நோயாளிகளின் செலவை ஏற்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் அவரை ஏற்றுப் பதிவு செய்ய மூன்று, நான்கு மாதம் இழுக்கும்.

இந்த ஒப்பந்தங்களைப் படிக்கும்போதெல்லாம் தமிழ்நாட்டில் நான் முதலில் சேர்ந்த தனியார் மருத்துவமனை நினைவுக்கு வரும். நர்ஸிங் சான்றிதழ்களின் அசலை முதல் நாளே அலுவலகத்தில் வாங்கி அலமாரியில் பூட்டினார்கள். விலகும்போது பாண்டில் எழுதிய பணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அப்பா கடன் வாங்கிக் கட்டித்தான் அவற்றை மீட்டார். இங்கே யாரும் யாருடைய சான்றிதழையும் பூட்டி வைப்பதில்லை. அலமாரி செய்த வேலையை இங்கே பத்திகள் செய்கின்றன; நாமே விரும்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. புதிதாக வருபவர் முதல் ஆறு மாதம் மெதுவாகத்தான் நோயாளிகளைப் பார்ப்பார். பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருந்து சொல்லித்தர வேண்டும். அவ்வளவும் செலவழித்து ஆளாக்கிய பின் எதிர்க் கடைக்குப் போனால் யாருக்கும் வயிறு எரியும். ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்தப் பயிற்சியை எழுத்தில் கொடுங்கள். முதல் மாதம் நாளுக்கு எத்தனை நோயாளி, மூன்றாம் மாதம் எத்தனை, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒப்பந்தத்தில் வரட்டும். போனஸைத் திருப்பித் தரும் கடனும் மாதாமாதம் குறையட்டும். நான் பார்த்த ஒப்பந்தங்களில் அபராதம் டாலர் கணக்கில் துல்லியமாக இருக்கிறது. பயிற்சி மட்டும் "தேவைக்கேற்ப" என்று இருக்கிறது.

டெக்சாஸில் சேருகிறவர்கள் இன்னும் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். முதலாவது, எனக்கு மருந்து எழுதும் அதிகாரத்தை ஒப்படைக்கப்போகும் மருத்துவர் யார்? இந்த மாநிலத்தில் ஒரு மருத்துவரோடு எழுத்துப்பூர்வ உடன்பாடு இல்லாமல் நாங்கள் மருந்து எழுத முடியாது. பொதுவாக ஒரு மருத்துவர் முழுநேரக் கணக்கில் ஏழு பேர் வரைதான் இப்படி வைத்துக்கொள்ளலாம். அவர் இதே கட்டடத்தில் இருக்கிறாரா, டாலஸில் இருக்கிறாரா? அவருக்கான கட்டணம் யார் பொறுப்பு? அவர் நாளைக்கு விலகிவிட்டால் எனக்குச் சம்பளம் உண்டா? இரண்டாவது, நான் பார்க்கும் நோயாளிகளுக்கான பில் யார் பெயரில் போகும்? எங்கள் பெயரில் போனால், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர், மருத்துவர் கட்டணத்தில் 85 சதவீதம் தரும். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மருத்துவர் பெயரில் போட்டால் முழுத் தொகையும் வரும். எல்லாம் அவர் பெயரிலேயே போய்விட்டால், அடுத்த ஆண்டு சம்பள உயர்வு கேட்கப் போகும்போது உங்கள் உழைப்புக்குக் கணக்கே இருக்காது.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு அதற்கு நேர்மாறாகத்தான் சொல்லி வளர்த்தார்கள்: கிடைத்ததே பெரிசு, எதிர்க்கேள்வி கேட்டால் அதுவும் போய்விடும். கேள்வி கேட்டதற்காக மட்டும் ஒரு வேலை கைநழுவிப் போனதை நான் பார்த்ததில்லை. கோடையில் ஒப்பந்தத்தோடு வந்த அந்தப் பெண் அதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, நான்கு திருத்தங்களை மின்னஞ்சலில் கேட்டாள். டெயில் கட்டணத்தை நிறுவனம் ஏற்றது. போனஸ் கடன் மாதாமாதம் குறையும் என்றும் மாற்றினார்கள். மைல் கணக்கில் மட்டும் அசையவில்லை.

அசையாத இடத்தில்தான் சட்டம் வர வேண்டும். தனியொருவர் வாய்த்திறமையால் சாதிக்கக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. இத்தகைய தடைகளை நாடு முழுக்க நீக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024-இல் ஒரு விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டாலஸ் மத்திய நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2025 செப்டம்பரில் ஆணையமும் மேல்முறையீட்டைக் கைவிட்டது. டெக்சாஸ் சட்டமன்றம் ஓரடி எடுத்து வைத்தது. 2025 செப்டம்பர் 1 முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் நர்ஸ்களுக்கும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்கும் இந்தத் தடை ஓராண்டைத் தாண்டக் கூடாது. தடையின் எல்லையும், அவர்கள் முக்கியமாக வேலை பார்த்த இடத்திலிருந்து ஐந்து மைலைத் தாண்டக் கூடாது. பணம் கட்டி விடுவித்துக்கொள்ளும் வழி இருக்க வேண்டும், அந்தத் தொகையும் ஓராண்டுச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. முன்பைவிட நல்லதுதான். ஆனால் ஓராண்டுச் சம்பளத்தைக் கொடுத்து விடுதலை வாங்க எந்தப் புதியவரால் முடியும்?

இதில் நோயாளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என்னிடம் வரும் ஒரு முதியவருக்கு இன்சுலின் அளவை இரண்டு இரண்டு யூனிட்டாகக் கூட்டிச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது. நான் ஐந்து மைலுக்கு அப்பால் போனால், கார் ஓட்டாத அவர் என்னைத் தேடி வர மாட்டார். புதிய ஒருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நோயாளியை நேரடியாகப் பார்க்கும் எவருக்கும் இந்தத் தடையே கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு.

சட்டம் வரும்வரை கல்லூரிகள் ஒன்று செய்யலாம். கடைசிப் பருவத்தில் ஒரு நாள் ஒதுக்கி, பெயர்களை மறைத்த நிஜ ஒப்பந்தம் ஒன்றை மாணவர்கள் கையில் கொடுத்து வரிவரியாகப் படிக்க வைக்கட்டும். புதியவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒப்பந்தம் வந்ததும், படிக்க ஒரு வாரம் வேண்டும் என்று கேளுங்கள். அந்த ஒரு வாரத்தைத் தர மறுக்கும் இடம், நாளுக்கு 25 நோயாளிகளைப் பார்க்க முடியவில்லை என்று நீங்கள் சொல்லும் நாளில் என்ன பதில் தரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அங்கே எவ்வளவு சம்பளம் தந்தாலும் சேராதீர்கள்.