நோய் விடுப்பு: சலுகையா, உரிமையா?



2025ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணியில் ஈடுபடுத்தப்பட்ட வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் தாங்க முடியாத நெருக்கடிக்கு உள்ளாகிறார்கள் என்று தமிழக வெற்றிக் கழகம் தொடுத்த வழக்கில் பிறந்த உத்தரவு அது. கூடுதல் ஆட்களை நியமித்து வேலைச் சுமையைக் குறையுங்கள் என்று மாநில அரசுகளுக்கு நீதிமன்றம் சொன்னது. தகுந்த காரணம் காட்டி விலக்குக் கேட்பவரின் கோரிக்கையைத் தனித்தனியாகப் பரிசீலித்து, அவருக்குப் பதிலாக வேறொருவரை அமர்த்துங்கள் என்றும் சொன்னது.

சற்று நின்று யோசித்துப் பாருங்கள். முடியாதவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் போடுங்கள் என்பது எந்தக் குடும்பத் தலைவருக்கும் தெரிந்த நியாயம். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் அடுப்படிக்குப் போகிறார். இந்தச் சாதாரண நியாயத்தைச் சொல்ல நாட்டின் தலைமை நீதிபதி அமர்ந்த அமர்வு தேவைப்பட்டது என்றால், நம் பணியிடங்களின் நிலைமை என்ன?

அந்தப் பணி நம் மாவட்டத்திலும் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நவம்பர் 4இல் தொடங்கி டிசம்பர் 14 வரை, இருமுறை நீட்டிக்கப்பட்ட காலக்கெடுவுக்குள் அது முடிக்கப்பட்டது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியர்கள் போன்றோர் படிவங்களைச் சுமந்து வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பகலில் படிவம் கொடுப்பதும் வாங்குவதும். இரவில் அவற்றைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றுவதும். இடையில் டிட்வா புயலின் மழை வேறு. வேலைப்பளுவைக் கண்டித்துத் தமிழக வருவாய்த்துறைச் சங்கங்கள் நவம்பர் 18 முதல் இப்பணியைப் புறக்கணித்ததும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் பணியில் சுணங்கியதாகச் சில அலுவலர்கள்மீது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ் வழக்குகள் பதிவாயின. குறைந்தது மூன்று மாதம் சிறை என்று சொல்லும் பிரிவு அது. இத்தகைய அச்சம் நிலவும் இடத்தில், "எனக்கு உடம்பு சரியில்லை" என்று ஒருவர் சொன்னால், அது நோயாகக் காதில் விழுவதில்லை, சாக்காகத்தான் விழுகிறது.

வீட்டில்தானே இருக்கிறீர்கள்!

இது தேர்தல் பணிக்கு மட்டும் உரிய கதையன்று. சிப்காட் ஆலைகளில், நெய்வேலியின் ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே, சிதம்பரம் கடைவீதிகளில், தனியார் மருத்துவமனைகளில், பள்ளி கல்லூரிகளில், வங்கிகளில், நிதி நிறுவனங்களில் இதே குரலைக் கேட்கலாம். முன்பெல்லாம் நோயாளியை வேலைக்கு அழைக்க வேண்டுமானால் ஆளனுப்ப வேண்டும். வந்தவர் படுக்கையில் கிடப்பவரைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். இன்று கைப்பேசி இருக்கிறது. முகம் பார்க்க வேண்டியதில்லை. "வீட்டில்தானே இருக்கிறீர்கள், அந்தக் கணக்கை மட்டும் அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு செய்தி. பதில் வராவிட்டால் ஓர் அழைப்பு. அதையும் எடுக்காவிட்டால், ஐம்பது பேர் பார்க்கும் குழுவில் பெயர் சொல்லி ஒரு கேள்வி.

நேரடியாக மிரட்டுபவர்கள் குறைவு. "உங்களை நம்பித்தான் இருக்கிறோம்" என்று ஒருவர் சொல்வார். "போன மாதமும் விடுப்பு எடுத்தீர்கள் அல்லவா?" என்று இன்னொருவர் நினைவூட்டுவார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் நெருங்குகிறது என்பதைச் சொல்லாமலே உணர்த்துவோரும் உண்டு. தினக்கூலிக்குப் போகிறவருக்கோ இந்த நெருக்கடியே வேறு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்ணையும், வீட்டு வேலைக்குச் செல்லும் தாயையும் யாரும் அழைத்து வற்புறுத்த வேண்டியதில்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை என்ற ஒன்றே அவர்களைக் காய்ச்சலோடு எழுப்பி நடத்துகிறது.

2024இல் நாட்டையே உலுக்கிய ஒரு கடிதம் நினைவிருக்கலாம். புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதங்கள் ஆன 26 வயது கேரளப் பெண் அவ்வாண்டு ஜூலையில் இறந்துபோனார். அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளிவந்தது. இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் மகளுக்கு நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதாகவும், மருத்துவரைப் பார்த்த பிறகும், வேலை நிறைய இருக்கிறது, விடுப்புக் கிடைக்காது என்று சொல்லி மகள் அலுவலகம் போனதாகவும் அந்தத் தாய் எழுதியிருந்தார். வேலைப்பளுதான் உயிரைப் பறித்தது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. மரணத்தின் காரணத்தைத் தீர்ப்பிடுவது நம் வேலையுமன்று. ஆனால் மருத்துவமனையிலிருந்து நேராக அலுவலகம் போகும் ஒரு பிள்ளையை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். 'விடுப்புக் கிடைக்காது' என்று அவர் கேட்காமலே அறிந்திருந்தார். வற்புறுத்தல் பழக்கமாகிப்போன இடத்தில் யாரும் வாய் திறந்து வற்புறுத்த வேண்டியதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நோய் விடுப்பு என்பது முதலாளி மனமிரங்கித் தரும் சலுகை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தவறு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடையில் வேலை பார்ப்பவருக்கும் நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள்கள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்கிறது. சிதம்பரம் தேரடி வீதியில் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் திருத்தப்பட்டதும் இதே சட்டம்தான்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், மருத்துவர் சான்றளித்தால் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கிறது. இதற்காகத் தொழிலாளியும் தம் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் பங்கு செலுத்துகிறார். ஆகவே இது பிச்சையன்று; அவர் சேர்த்து வைத்த பணம்.

1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் ஒரு நுட்பமான விதி இருந்தது. நோய்க்கால உதவி பெறுபவர் தாம் குணமடைவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது என்பதே அது. ஓய்வெடுப்பதை நோயாளியின் கடமையாகவே அச்சட்டம் கருதியது. அந்த உதவியைப் பெறும் காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று முதலாளியையும் கட்டுப்படுத்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்று அதன் இடத்தில் இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அந்த விதிகளின் நியாயம் மாறாது. அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 71 இன்னொன்றைச் சொல்கிறது. மருத்துவச் சான்றின்பேரில் விடுப்பில் சென்றவர் உடல்தகுதிச் சான்று இல்லாமல் பணிக்குத் திரும்ப முடியாது. அலுவலக வாசலில் கால் வைக்கவே தகுதியில்லை என்று விதி சொல்லும் ஒருவரிடம், படுக்கையில் கிடந்தபடி கோப்பைப் பார்த்து அனுப்பு என்று கேட்பது எந்த நியாயம்?

உலகின் பிற நாடுகளும் இதைச் சிந்திக்கத் தொடங்கியுள்ளன. வேலை நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்புக்குப் பதில் தராமலிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக்கின. நம் மக்களவையிலும் அதற்கான தனிநபர் மசோதா 2018இலும் 2025இலும் அறிமுகமானது, சட்டமாகவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பொய்ச் சான்று வாங்கிக்கொண்டு திருமண வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலாளியை மட்டும் ஏமாற்றவில்லை. உண்மையான நோயாளி ஒருவரின்மீது சந்தேகம் விழவும் காரணமாகிறார்கள். இரண்டே ஆட்களை வைத்துக் கடை நடத்துபவருக்கு ஒருவர் படுத்துவிட்டால் உண்மையிலேயே சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. மாற்று ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. அதை நோயாளியின் தலையில் ஏற்றுவது, நடக்கத் தெம்பு இல்லாதவரிடம் மூட்டையைக் கொடுப்பதற்குச் சமம்.

நூற்றுவர் தலைவர்

விவிலியத்தில் இரண்டு முதலாளிகளைப் பாருங்கள். முதலாமவர் ஓர் அமலேக்கியர். அவருடைய எகிப்திய அடிமை நோயுற்றபோது வயல்வெளியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று பகலும் மூன்று இரவும் உணவும் தண்ணீரும் இன்றிக் கிடந்த அந்த இளைஞனைத் தாவீதின் ஆள்கள்தாம் கண்டெடுத்தார்கள் (1 சாமு 30:11-15). உழைக்க முடிந்தவரை வேண்டும், முடியாதபோது வேண்டாம். இன்றும் இதே கணக்குப் போடுகிற நிறுவனங்கள் உண்டு.

இரண்டாமவர் கப்பர்நாகூமின் நூற்றுவர் தலைவர் (மத் 8:5-13). கட்டளையிட்டே பழகியவர். தாம் போ என்றால் போகவும் வா என்றால் வரவும் தமக்குக் கீழே ஆட்கள் இருப்பதை அவரே இயேசுவிடம் சொல்கிறார். ஆனால் படுத்துக் கிடக்கும் தம் பணியாளரிடம் அவர் அந்தக் கட்டளையை இடவில்லை. எழுந்து வா என்று சொல்லவில்லை. தம் அதிகாரம் அந்தப் படுக்கையருகே முடிந்துவிடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே தாமே புறப்பட்டுப் போய், இன்னொருவருக்காகக் கெஞ்சுகிறார். ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குமுன் நாம் சொல்லும் தகுதியற்ற நிலையின் வார்த்தைகள் இந்த மனிதரின் வாயிலிருந்து வந்தவை. நோயுற்ற பணியாளருக்காக மன்றாடிய ஒரு மேலதிகாரியின் சொற்களைத்தான் ஞாயிறுதோறும் சொல்கிறோம். சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலையில் நோயாளிக்கு என்ன செய்தி அனுப்புகிறோம்?

"அவரே சம்மதித்துத்தான் செய்தார்" என்று சிலர் சொல்லலாம். 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தம் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில் இதற்கு விடை தந்திருக்கிறார். தேவையாலோ, இதைவிட மோசமானது நேருமோ என்ற அச்சத்தாலோ ஒரு தொழிலாளி கடுமையான நிபந்தனைக்கு இணங்கினால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையாகிறார் என்பது அவருடைய போதனை. வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லும் 'சரிங்க' சம்மதம் ஆகாது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் நம் நிறுவனங்களிலிருந்தே தொடங்குவோம். திருஅவையும் ஒரு பெரிய முதலாளிதான். நம் பள்ளிகளில், மருத்துவமனைகளில், விடுதிகளில் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். தமிழக அரசு 2010இல் தனியார் கல்வி நிறுவனங்களையும் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவை கல்வி நிறுவனங்களே என்பதையும், அது செல்லும் என்று 2020இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்ததையும் மறக்க வேண்டாம். நோயுற்ற ஆசிரியையிடமே அவருக்குப் பதில் ஆள் தேடச் சொல்வதும், மருத்துவமனைக் கட்டிலில் வினாத்தாள் தயாரிக்கச் சொல்வதும் எங்கே நடந்தாலும் அநீதி. சிலுவை பதித்த வாசலுக்குள் நடந்தால் அது இடறலும்கூட.

வேலை செய்வோருக்குச் சில வார்த்தைகள். விடுப்பை வாய்மொழியாகக் கேட்காதீர்கள். மருத்துவச் சான்றுடன் எழுத்தில் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வேலை சொல்லி அழைப்பு வந்தால், மருத்துவர் ஓய்வு சொல்லியிருக்கிறார் என்று மரியாதையாக எழுதி அனுப்புங்கள். வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள். தொல்லை தொடர்ந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தை நாடலாம். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், சிதம்பரத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இலவச ஆலோசனை தருகின்றன. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

உடன் பணிபுரிவோருக்கும் ஒரு பங்கு உண்டு. 'நடிக்கிறார்' என்ற ஒரு சொல்லை நாம் சொல்லாமலிருந்தாலே பாதிச் சுமை இறங்கும். அவருடைய வேலையில் ஒரு மணி நேரத்தை நாம் எடுத்துக்கொண்டால் மீதியும் இறங்கும். அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நோயாளிகளைச் சந்திக்கும்போது, மருந்து வாங்கினீர்களா என்பதோடு, ஓய்வெடுக்க விடுகிறார்களா என்றும் கேட்கட்டும். தினக்கூலிக் குடும்பமாக இருந்தால், நின்றுபோன கூலிக்கு ஒரு வார அரிசியும் காய்கறியும் ஈடுசெய்ய முடியுமா என்று பார்க்கட்டும். சட்டம் எட்டாத வீடுகளுக்குப் பங்குதான் எட்ட வேண்டும்.

நம்மில் பலர் ஏதோ ஒரு வகையில் முதலாளிகளே. கடையில் ஒரு பையன், வீட்டில் ஒரு வேலைக்கார அம்மா, அலுவலகத்தில் நமக்குக் கீழே இருவர். அவர்களில் ஒருவர் நாளை "முடியவில்லை" என்று சொல்லும்போது, "எப்போது வருவீர்கள்?" என்று கேட்பதற்கு முன் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்வியில் நீதியும் இருக்கிறது, இரக்கமும் இருக்கிறது. நோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய இறைமகன் நம் இல்லங்களையும் பணியிடங்களையும் ஆசீர்வதிப்பாராக.