நரம்புச்சிலந்தியும் ஒரு சபையின் ஆண்டறிக்கையும்

வாளையாரில், சோதனைச் சாவடியின் லாரி இரைச்சல் எட்டாத ஒரு தெருவில், ஏறத்தாழ முப்பது குடும்பங்கள் கூடும் சிறிய பாப்டிஸ்ட் சபை ஒன்று உண்டு. நான் அச்சபையின் உறுப்பினன் அல்லன். எல்லைப்புறத் தமிழர்களின் ஊர் நிறுவனங்கள் பற்றிய ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாக அங்குச் சென்று வருபவன். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து அனைவரும் கலைந்தபின், இளம் போதகர் ஒரு படிவத்தை என்முன் வைத்தார். அவர்களுக்கு அவ்வப்போது உதவும் அமைப்பொன்று கேட்டிருந்த ஆண்டறிக்கை அது. ஞானஸ்நானம் பெற்றோர் எத்தனை பேர், புதிய குடும்பங்கள் எத்தனை, நடத்திய கூட்டங்கள் எத்தனை, வழங்கிய கைப்பிரதிகள் எத்தனை எனக் கட்டங்கள் வரிசையாக இருந்தன.

“அண்ணா, ரெண்டு பேர்னு எழுதினா, வருஷம் முழுக்க இவ்வளவுதானான்னு கேப்பாங்க. நான் சும்மா இருந்த மாதிரி ஆயிடும்” என்றார்.

அவர் சும்மா இருந்தவர் அல்லர். மலையாளம் படிக்கத் தெரியாத தமிழ்க் குடும்பங்களுக்கு ஊராட்சி அலுவலகத்திற்கும் கிராம அலுவலகத்திற்கும் மனு எழுதித் தருகிறவர் அவர். அம்மனுதாரர்களில் பெரும்பாலோர் அவருடைய சபையின் வாசலை மிதித்தவர்கள் அல்லர். நள்ளிரவில் மூச்சுத் திணறிய பக்கத்து வீட்டு முதியவரைப் பாலக்காட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. இவற்றை எழுத அப்படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. அன்று அவருக்கு நான் தெளிவாக விடை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இப்பதிவில் எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்: ஒரு சிறு கிராமச் சபையின் வெளிப்பணியை, அச்சபையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைக் கொண்டு அளத்தல் கூடாது. சேராதவருக்கும் சேர்ந்தவருக்கு நிகராகக் கிடைத்தது எது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த அளவுகோலன்று. தமிழகத்துப் பாப்டிஸ்டுகளின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது.

முதலில், பின்னணி அறியாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். தமிழ்க் கிறித்தவத்தில் பாப்டிஸ்டுகள் மிகச் சிறுபான்மையினர். 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லூத்தரன் மரபும், திருநெல்வேலியிலும் தென் திருவிதாங்கூரிலும் வேரூன்றிய ஆங்கிலத் திருச்சபைகளும், அவற்றினும் பழைய கத்தோலிக்கமும் பரந்து நிற்க, இவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். எங்கள் பாலக்காட்டுப் பகுதியிலும் நிலைமை அதுவே. தமிழ் பேசும் கத்தோலிக்கர் இங்கே கணிசமாக வாழ்வதால் 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டமே தனியாக அமைக்கப்பட்டது. பாப்டிஸ்டுகளுக்கு அத்தகைய தலைமையிடமோ ஆயரோ கிடையாது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருவதில்லை. தானே அறிந்து அறிக்கையிடுபவரை மட்டும் நீரில் மூழ்கச் செய்து சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன் போதகரையும் உதவிக்காரர்களையும் தானே தேர்ந்துகொள்ளும், தன் கணக்கைத் தானே பார்க்கும். மேலிடம் என்று ஒன்று இல்லாத சபை, தன் பணி எது என்பதையும் தானே தீர்மானிக்கலாம் அல்லவா? அப்படியிருக்க, வெளியிலிருந்து வரும் ஒரு படிவம் அதைத் தீர்மானிப்பது இம்மரபுக்கே முரணானது.

இனி அச்சான்றுக்கு வருகிறேன். இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குச் செல்ல இப்போது எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட சாலை இருக்கிறது. 1913இல் அச்சாலை இல்லை. அவ்வாண்டில் ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் மணம் முடித்து அம்மலையில் குடியேறினார்கள். அவர்களை அனுப்பியது லண்டனில் 1861இல் தோன்றிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சிறிய அமைப்பு. ஜெசி முழு மருத்துவர் அல்லர். வெப்பமண்டல நோய்களைப் பற்றிக் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். கட்டட வேலை தெரிந்தவர். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுக்குக் கால்நடையாகவும் குதிரையிலும் சென்று காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், பள்ளி தொடங்கினார், தச்சு வேலை கற்பித்தார்.

அவருடைய பணிகளுள் ஒன்றை மட்டும் இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன். அது நரம்புச்சிலந்தி நோய்க்கு எதிரான பணி. இந்நோயை இன்றைய தலைமுறை அறியாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை நீளும் வெண்ணிறப் புழு, பெரும்பாலும் காலில், தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக, நாட்கணக்கில் இழுத்தெடுக்க வேண்டும். இடையில் அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். இதற்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. தகப்பனார் இவ்வாறு புழுவைச் சுற்றியெடுத்ததைச் சிறுவனாக உடனிருந்து பார்த்தவர் அவர் மகன் பால் பிராண்ட். 1914இல் பிறந்து அம்மலையில் வளர்ந்த அவர், பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையால் உலகப் புகழ் பெற்றார்.

அந்நோய் பரவும் முறையைக் கவனியுங்கள். புண்ணின் எரிச்சல் தாளாமல் நோயாளி காலை நீரில் வைப்பார். படிக்கட்டுக் கிணறுகளிலும் குளங்களிலும் நீர் மொள்ள இறங்கும்போதும் கால் நனையும். அந்நொடியில் புழு ஆயிரக்கணக்கான நுண்புழுக்களை நீரில் உமிழும். அவற்றை நீரில் வாழும் மிகச்சிறு உயிரிகள் விழுங்கும். அந்நீரைக் குடிப்பவர் உடலில் ஓராண்டுக்குப்பின் புதிய புழு வெளிப்படும். ஆகவே ஒரே ஒருவர் புண்பட்ட காலோடு கிணற்றில் இறங்கினாலும் ஊர் முழுவதும் நோய்க்கு ஆளாகும். தீர்வு எளியது: கிணற்றைச் சுற்றிக் கல்லால் சுவர் எழுப்புவது, எவரும் நீருக்குள் இறங்காமல் மேலிருந்தே மொள்ளச் செய்வது, குடிநீரைத் துணியால் வடிகட்டுவது. பிராண்ட் தம்பதியர் மலை ஊர்களில் விடாது கற்பித்தவை இவையே.

இந்நோயின் இயல்பில் ஓர் அறம் பொதிந்துள்ளது என்று எனக்குப் படுகிறது. காய்ச்சல் மருந்தை ‘நம் ஆட்களுக்கு’ மட்டும் கொடுக்க முடியும். பள்ளியில் ‘நம் பிள்ளைகளை’ மட்டும் சேர்க்க முடியும். அரிசி மூட்டையையும் அவ்வாறே பங்கிடலாம். ஆனால், நரம்புச்சிலந்தியிடமிருந்து கிறித்தவனை மட்டும் காப்பாற்ற இயலாது. பூசாரியின் காலும் கிணற்றில் படக்கூடாது, சபையாரின் காலும் படக்கூடாது. எழுப்பிய சுவர் இருவருக்கும் பொது. ஒருவரை விட்டுவிட்டு மற்றவரைக் காக்கவே முடியாத வேலை இது. ஆகவே இதைக் கொண்டு எவரையும் விலைக்கு வாங்கவும் முடியாது.

இதை மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. பிராண்ட் தம்பதியர் மதம் பரப்பவே வந்தவர்கள். அதை அவர்கள் மறைத்ததில்லை. அவர்களுடைய கதையை எழுதியவர்கள் வெள்ளையரைத் தனித்த வீரர்களாகக் காட்டுகிறார்கள். அக்கிணற்றுச் சுவர்களுக்குக் கல் சுமந்த மலையாளிகளின் பெயர்களை அந்நூல்களில் தேடிக் களைத்தவன் நான். காலனிய ஆட்சியின் நிழல் அவர்கள் மீது படியவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால், ஓர் உண்மை மிஞ்சுகிறது. முதல் சில ஆண்டுகளில் அவர்களிடம் சேர்ந்தவர் எவருமிலர் என்று அவ்வரலாறுகளே ஒப்புக்கொள்கின்றன. அவர்களைக் கடுமையாக எதிர்த்த உள்ளூர்ப் பூசாரி ஒருவர், முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய கொடிய இன்ஃபுளுயென்சா காய்ச்சலில் சாகும் தறுவாயில், தம் பிள்ளைகளை அத்தம்பதியரிடமே ஒப்படைத்தார். சபை முளைத்தது அதன் பிறகுதான். நம் போதகரிடம் உள்ள படிவம் அன்று ஜெசியிடம் இருந்திருந்தால், முதல் ஐந்தாண்டுகளும் எல்லாக் கட்டங்களிலும் சுழியத்தையே எழுதியிருப்பார்.

1929இல் கருநீர்க் காய்ச்சலால் ஜெசி அம்மலையிலேயே இறந்தார். ஈவ்லின் அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்தார். எழுபதை நெருங்கிய வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது, ஓய்வை ஏற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பாமல் மீண்டும் கொல்லிமலைக்கே போனார். அதன்பின் அறிக்கை கேட்க அவருக்கு மேலிடம் இல்லை. கல்வராயன் மலை, பச்சைமலை எனக் குன்று குன்றாக, மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு நடந்தார். 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். கொல்லிமலையில் நரம்புச்சிலந்தி ஒழிந்ததற்கு அவருடைய விடாப்பிடியான உழைப்பும் காரணம் என்று போற்றப்படுகிறது. இந்திய அரசின் ஒழிப்புத் திட்டம் 1983இல் தொடங்கியது. நாட்டின் கடைசி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடாக அறிவித்தது. அரசும் மருந்தைக் கொண்டு வெல்லவில்லை. கிணற்றையும் குடிநீரையும் பழக்கத்தையும் மாற்றியே வென்றது.

இப்போது வாளையாருக்குத் திரும்புகிறேன். இங்கே நரம்புச்சிலந்தி இல்லை. ஆனால், ஒருவரை விட்டு மற்றவரைக் காக்க முடியாத துன்பங்கள் உண்டு. அவற்றுள் முதலாவது சாராயம். 2020 அக்டோபரில் வாளையாரை அடுத்த செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் நச்சு மது அருந்தி ஐவர் மாண்டனர். நம் சபைகளில் மதுவுக்கு எதிராகப் பேசாத ஞாயிறு இல்லை. எனினும் அப்பேச்சு உள்ளே அமர்ந்திருக்கும், பெரும்பாலும் குடிக்காத, பெண்களின் காதில்தான் விழுகிறது. தெருவில் சாராயம் விற்கப்படும் வரையில் சபைக் குடும்பத்துப் பிள்ளையும் பத்திரமாக இல்லை. குடியிலிருந்து மீள நினைப்பவரை, அவர் எம்மதத்தவராயினும், கேரள அரசின் விமுக்தித் திட்ட மையத்திற்கு அழைத்துச் சென்று, திரும்பி வந்தபின் ஆறு மாதம் மாலைதோறும் உடனிருக்க ஆள் வேண்டும். முப்பது குடும்பங்களால் மருத்துவமனை கட்ட முடியாது. இதைச் செய்ய முடியும்.

இரண்டாவது மொழி. 1956 மாநிலச் சீரமைப்புக்குப்பின் வாளையார், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி தொடங்கி இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு தோட்டங்கள் வரை தமிழர் மொழிச் சிறுபான்மையினராயினர். பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பயிலும் பிள்ளைகள் பலர், இரண்டிலும் ஒரு விண்ணப்பத்தை முழுமையாக எழுத இயலாதவர்களாக வளர்கிறார்கள். ஞாயிறு பள்ளி, வேதாகமத்தை முன்வைத்தேனும் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்கிறது. அதே கூடத்தில் சனிக்கிழமை மாலை, சமயம் கலவாமல், தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் இரு மொழி எழுத்துகளையும் கற்பித்தால் என்ன? மனு எழுதித் தருபவரைவிட, மனு எழுதக் கற்பிப்பவர் ஊருக்கு நெடுநாள் உதவுவார்.

இதற்கு இரு தரப்பிலிருந்தும் மறுப்பு வரும் என அறிவேன். ‘ஆத்துமாவை விட்டுவிட்டுச் சமூக சேவை செய்வதற்குச் சபை எதற்கு, சங்கம் போதுமே’ என்பார் விசுவாசிகள். அவர்களுக்கு என் விடை: ஜெசி பிராண்ட் பிரசங்கம் செய்வதை ஒருநாளும் நிறுத்தவில்லை. ஆனால், பிரசங்கத்தைக் கேட்டவருக்கு மட்டும் சுவர் எழுப்பவில்லை. மறுபுறம், ‘சேவை என்பதே தூண்டில்தான்’ என்பார் ஐயுறுவோர். அந்த ஐயத்திற்கு நியாயமான காரணங்கள் உண்டு. உதவி பெற்றவரின் படத்தை எடுத்து நிதி திரட்டும் காட்சிகளை நானும் கண்டிருக்கிறேன். ஆனால், எது தூண்டில், எது கிணற்றுச் சுவர் என்று பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: சபையில் சேராமலே இருந்துவிட்டால் இவ்வுதவி நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால் அது தூண்டில். நிற்காது என்றால், அதைச் செய்பவரை அவருடைய நம்பிக்கையோடு சேர்த்தே மதிக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

போதகர் தம்பிக்கு இறுதியாக ஒன்று. இரண்டு என்பதை இரண்டு என்றே எழுதுங்கள், கூட்ட வேண்டாம். அதன்கீழ் உங்கள் கையாலேயே ஒரு கட்டம் வரைந்து, எழுதிய மனுக்கள், உடன் சென்ற மருத்துவமனைப் பயணங்கள், குடியை விட்டவர்கள், மீண்டும் குடிக்கத் தொடங்கியவர்கள் என உள்ளதை உள்ளபடி பதியுங்கள். பெயர்களை மட்டும் எழுதாதீர்கள். அவை அக்குடும்பங்களுக்கு உரியவை. அவ்வமைப்பு அதை ஏற்காமல் போகலாம், உதவித்தொகை குறையவும் செய்யலாம். இதை எழுதித் தருவது எனக்கு எளிது, இழப்பு உங்களுக்கே என்பதையும் அறிவேன். ஆகவே முடிவை நீங்களோ நானோ எடுக்க வேண்டாம். உங்கள் மரபு சொல்வதுபோல் சபைக் கூட்டத்தில் அதை வையுங்கள். முப்பது குடும்பங்களும் கேட்டு முடிவு செய்யட்டும்.

எல்லைப்புறச் சபைகளில் இத்தகைய பணிகளை அறிந்த நண்பர்கள், எச்சபையினராயினும், பின்னூட்டத்தில் எழுதுங்கள். என் கருத்தோடு உடன்படாதவர்களும் எழுத வேண்டுகிறேன்.