கருக்கலைப்பு சிகிச்சைக்குக் கணவர் கையெழுத்து கேட்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: பீடி சுற்றும் பெண்கள் சங்கத்தார், தென்காசி.
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தென்காசி மாவட்டம்.



சென்ற சீசனில் எங்கள் உறுப்பினர் ஒருவர், அருவிக்குக் குளிக்கப் போவதாக வீட்டில் சொல்லி, பையில் துண்டும் மாற்றுடையும் வைத்துக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினார். இறங்கியது மருத்துவமனை ஒன்றின் வாசலில். இரண்டு பிள்ளைகளின் தாய். கரு ஒன்பது வாரம். லீவு முடிந்து கணவர் துபாய் திரும்பிவிட்டார். “வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம முடியாது” என்று கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார்; ரத்தப்போக்கு நிற்காமல் போகவே, நடுராத்திரியில் ஆட்டோவில் ஏற்றினோம்.

1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும். கணவர், மாமியார் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தும், 24 வாரம் வரை குறிப்பிட்ட நிலைகளில் இரண்டு டாக்டர்களின் கருத்தும் தேவை. மணமாகாதவர்களுக்கும் அந்த 24 வாரம் பொருந்தும், சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது என்று 29.9.2022 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது.

ஊரார் கருத்து ஒன்றாக இல்லை; அதை மறைக்க விரும்பவில்லை. கடையநல்லூர், சுரண்டை, பாவூர்சத்திரம் கூட்டங்களில் பேசிப் பார்த்தோம். மதத்தைவிட வயதுதான் அதிகம் பிரித்தது. அறுபதைத் தாண்டியவர்கள் பலருக்குக் கருக்கலைப்பு பாவம். காலேஜ் பிள்ளைகள் தீர்ப்பை செல்போனில் படித்திருந்தார்கள். மணமாகாத பெண் என்ற பேச்சு வந்ததும் அவர்களுடைய அம்மாக்கள் முகம் மாறியது. ஆனால் பாவம் என்ற பாட்டியே, சொளவைக் கீழே வைத்துவிட்டு, “அவ வயித்துக்கு துபாய்ல இருக்கவன் கையெழுத்த எங்க போயி வாங்க?” என்றார். இதில் மட்டும் மறுத்துப் பேச ஆளில்லை.

ஆகவே, 18 வயது நிறைந்தவரிடம் அவருடைய ஒப்புதலுக்கான சி படிவம் தவிர வேறு கையெழுத்து கேட்கக் கூடாது என்று மாவட்டத்தின் எல்லா மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். வார வரம்புகளையும் தீர்ப்பையும் தமிழில் எழுதி, சீட்டு வாங்கும் இடத்திலேயே பலகை வைக்க வேண்டும். விசாரிப்பது தனி அறையில் நடக்கட்டும். பெண்ணின் விவரத்தை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்பதை ஊழியர்களுக்கும் சொல்லுங்கள். சிறுமிகள் விஷயத்தில் பாதுகாவலர் ஒப்புதல் தேவை என்பதை அறிவோம். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தரும் தகவலில் சிறுமியின் அடையாளத்தை டாக்டர் எழுத வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு சொல்வதையும் சுற்றறிக்கையில் சேர்க்கக் கோருகிறோம்.

எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் சங்கத்துக்குத் தெரிவிக்கவும். அந்த உறுப்பினரின் பெயரை விசாரித்து யாரும் வீட்டுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

நகல்: இணை இயக்குநர், மருத்துவப் பணிகள், தென்காசி.