ஏ ஃபார் ஆப்பிள்... பி ஃபார் பைபிள்?

நாம் பஸ்ஸை 'பஸ்ஸு' என்கிறோம் இல்லையா? ஜப்பான் குழந்தைகள் நமக்கும் ஒரு படி மேலே. 'மில்க்' அவர்கள் வாயில் 'மிருக்கு'. 'ஆப்பிள்' வந்தால் 'ஆப்புரு'! ல, ர வித்தியாசம் ஜப்பானிய மொழியில் கிடையாது. சொற்களும் பெரும்பாலும் உயிரெழுத்து ஓசையில்தான் முடியும். பிறகென்ன செய்வார்கள், பாவம்!

ஆனால், அங்குள்ள பெற்றோருக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. 2020 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 5, 6-ம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம். அதனால் உள்ளூர் சர்ச், 'வீக் எண்ட் இங்கிலீஷ் கேம்ப்' என்று நோட்டீஸ் ஒட்டினால், கோயிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் ஜப்பானில் கிறிஸ்தவர்கள் சுமார் 1 சதவிகிதம்தான்.

இந்த உறவு பழசு. 1614-ல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட கிறிஸ்தவம், 1873 வரை மூச்சு விட முடியவில்லை. அந்தத் தடைக் காலத்திலேயே, 1859-ல் வந்து இறங்கியவர் அமெரிக்க மருத்துவ மிஷனரி ஜேம்ஸ் ஹெப்பர்ன். பிரசங்கம் செய்ய வழியில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தடை இல்லை. 1863-ல் அவரும் மனைவி கிளாராவும் யோகோஹாமாவில் ஆரம்பித்த வகுப்பைத்தான் இன்றைய மெய்ஜி ககுயின் பல்கலைக்கழகம் தன் தொடக்கமாகச் சொல்கிறது.

இரண்டு நாள் எப்படிப் போகும்?

சனிக்கிழமை காலை வந்ததும் பாடம் எடுத்தால் பிள்ளைகள் வாயே திறக்காது. தப்பாகப் பேசி நாலு பேர் முன்னால் அசிங்கப்படுவதைவிட சும்மா இருப்பதே மேல் என்று நினைக்கும் பிள்ளைகள் அங்கே அதிகம். அதனால் முதலில் ஆக்‌ஷன் பாட்டு. கூட்டத்தோடு சேர்ந்து கத்தும்போது யார் குரல் தப்பு என்று தெரியாதே! அடுத்து சமையல். 'கட்', 'மிக்ஸ்', 'போர்' என்று கை வேலை செய்யும்போது வார்த்தை தானாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் சமையலுக்கு முன்பே அலர்ஜி பட்டியல் கையில் இருக்க வேண்டும். முட்டை, பால், வேர்க்கடலையோடு, 'சோபா' நூடுல்ஸ் செய்யும் பக்வீட்டும் அங்கே சில குழந்தைகளுக்கு ஆபத்து.

இரவு கதை நேரம். சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

கதையா, பிரசாரமா?

'காட்' என்பதை ஜப்பானியத்தில் 'காமி' என்பார்கள். மலைக்கும் மரத்துக்கும் காமி உண்டு. புத்தாண்டுக்கு ஷிண்டோ கோயில், சாவுக்கு பௌத்த சடங்கு, கிறிஸ்துமஸுக்கு கேக்கும் சிக்கனும் என்று வளர்ந்த 9 வயதுக் குழந்தையிடம் நோவாவின் கதையைச் சொல்லலாம். விலங்குப் பெயர்கள் படிக்க அருமையான கதை. ஆனால் கதை முடிந்ததும், "யாரெல்லாம் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள்? கை தூக்குங்கள்" என்றால், அத்தனை கையும் உயரும். டீச்சர் கேட்டால் கை தூக்குவதுதானே குழந்தைகளின் வழக்கம்? அதை எப்படி விசுவாசம் என்று எடுத்துக்கொள்வது?

அரசும் இதில் கண் வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 'நரகத்துக்குப் போவாய்' என்பதுபோல மிரட்டி ஒரு குழந்தையை மத நிகழ்ச்சியில் பங்கேற்க வைத்தால், செய்வது பெற்றோரே ஆனாலும் அது குழந்தை வதை என்கிறது அது.

ஆக, கேம்ப் நடத்துபவர்களுக்கு நேர்மையான வழி ஒன்றுதான். 'பைபிள் கதை உண்டு, ஜெபம் உண்டு' என்று நோட்டீஸிலேயே போட்டுவிடுவது. பத்து பேர் குறைவாக வரலாம். வருபவர்கள் நம்பி வருவார்கள், அடுத்த வருடமும் வருவார்கள்.

அனுப்பும் முன் கேளுங்கள்

எந்த ஊரில், எந்த மதத்தினர், என்ன பெயரில் கேம்ப் நடத்தினாலும் இந்த நான்கு கேள்விகள் பொருந்தும்:

• முழு நேர அட்டவணையைத் தருவீர்களா?

• ஜெப நேரத்தில் என் குழந்தை விளையாடப் போகலாமா?

• ராத்திரி பிள்ளைகளோடு யார் தங்குவார்கள்? எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருப்பார்களா?

• குழந்தை கேட்டால் உடனே எனக்கு போன் போட்டுத் தருவீர்களா?

தயங்காமல் பதில் வந்தால், தாராளமாகப் பையைக் கட்டுங்கள். மென்று முழுங்கினால், ஆங்கிலத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்!